ஆரணியின் வேண்டாம்

சனிக்கிழமை காலை ஒன்பது மணி, கதவுக்குப் பின்னால் மூன்று பேர், திறக்க ஒருவரும் இல்லை: ஆரணி வீட்டில் என் முதல் நாள் அப்படித்தான் தொடங்கியது. பிள்ளை ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று கவனித்து, காரணம் கண்டு, வேறு வழி பழக்குவது எங்கள் தொழில். பெற்றோர் அதைச் சுருக்கமாக ‘தெரபி’ என்பார்கள். பிறர் வீட்டு மணியை அடித்துப் பிழைக்கும் எவருக்கும் தெரியும், நாம் சப்பாத்தைக் கழற்றுமுன்பே நம்மைப் பற்றி உள்ளே தீர்ப்பு எழுதியாகிவிடும். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊர் கனடாவில் விட்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி மாற்றச் சொல்வதும் எங்கள் விதி.

வாசலில்

ஆரணிக்கு ஐந்து வயது. ஓட்டிசம். பேச்சு மிகக் குறைவு. பிடிக்காதது நடந்தால் கடிப்பாள். கடி நிற்காவிட்டால் செப்ரெம்பரில் அரை நாள்தான் வைத்திருக்கலாம் என்று பள்ளிக்கூடம் சொல்லியிருந்தது. அரை நாள் என்றால் தாய் சுகந்தி விட்ட வேலைக்குத் திரும்பிப் போகவே முடியாது. தகப்பன் விடியுமுன்னே மிசிசாகாவுக்கு வேலைக்குப் போய்விடுவார். ஆகவே வீட்டை ஆள்வது அவருடைய தமக்கை, தவமணி அக்கா.

கதவை ஒரு சாண் திறந்தவரும் அவர்தான். “பிள்ளையளைப் பறிக்கிற அரசாங்க ஆக்களுக்கு எழுதிக் குடுக்கிற ஆளோ நீர்?”

நான் குடியிருக்கும் சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து சப்வே, ரெயின், பஸ் என்று மாறி வந்து குளிரில் நிற்பவளுக்குப் பொய் சொல்ல ஆசை வரும். ஆனால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்பது விதி. “கண்ணாலை கண்டதை மட்டும் எழுதுவன் அக்கா. பிள்ளைக்கு ஆபத்து எண்டு சந்தேகம் வந்தா, அதைச் சொல்லத்தான் வேணும்.”

அவர் உள்ளே திரும்பிச் சுகந்தியிடம் சொன்னார்: “உண்மையைச் சொல்லுறா. இவவிட்டைத்தான் கவனமா இருக்கோணும்.”

கோயிலில் ஒரு விசாரணை

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில், சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில், முன்பின் தெரியாத ஓர் அன்ரி என்னை மறித்தார். விட்பியிலே ஒரு வீட்டுக்குப் போகிறேனாமே, அந்தப் பிள்ளைக்கு என்ன வருத்தம், தாய் ஆள் எப்படி என்று அன்பாக விசாரித்தார். “எந்தப் பிள்ளை?” என்றேன். அவர் பிள்ளையின் பெயரையே சொன்னார். “எனக்கு ஒருத்தரையும் தெரியாது அன்ரி” என்று பொங்கலை வாங்கிக்கொண்டு நடந்தேன்.

இருபது வருடம் நாளிதழில் நிருபராக இருந்தவள் நான். ஒருவர் செய்தி கேட்கிறாரா, ஆழம் பார்க்கிறாரா என்பது குரலிலேயே தெரியும். மறுநாள் சனிக்கிழமை, முதல் மணியடிப்பிலேயே கதவு திறந்தது. தவமணி அக்கா முகத்தில் சிரிப்பு இல்லை. வழி மட்டும் விட்டார். “கோயிலிலை வாய் திறக்கேல்லையாம். சரி, உள்ளுக்கை வாரும்.”

தேத்தண்ணி

வேலை செய்யும் வீட்டில் எதையும் வாங்கக்கூடாது, தின்னவும் கூடாது. இதைக் கனடாவில் யாரோ எழுதியிருக்கிறார்கள், தமிழ் வீட்டுக்குப் போகாத யாரோ. வந்ததும் தவமணி அக்கா கேட்பார், நான் வேண்டாம் என்பேன், தேத்தண்ணி வரும். மறுபடி வேண்டாம் என்பேன், பக்கத்தில் வடை வரும். இரண்டும் மேசையில் ஆறிக் கிடக்கும். ஆரணி தரையில் இருந்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் அக்கா என் முன்னாலேயே அந்தக் கோப்பையில் ஒரு மிடறு குடித்துக் காட்டினார். “பாரும், செய்வினை ஒண்டும் இல்லை.”

கைக்கட்டு

கடிக்குப் பதிலாக ஒரு சொல் பழக்கினேன். ஆரணி “வேண்டா” என்றால், நான் நீட்டியது எதுவானாலும் அந்தக் கணமே எடுத்துவிடுவேன். சொல் வேலை செய்தால் பல்லுக்கு வேலை இல்லை. சில வாரங்களில் என்னோடு இருக்கும் நேரத்தில் கடி நின்றது. பிறகு ஒரு காலை, தவமணி அக்காவின் மணிக்கட்டில் வெள்ளைத் துணி. முந்தின நாள் சாப்பாட்டு நேரம் ஆரணி கடித்தாளாம்.

எனக்குச் சந்தேகம்: நான் போன பிறகு பிள்ளையை அமுக்கிப் பிடிக்கிறார்களா, அடிக்கிறார்களா? அவருக்குச் சந்தேகம்: நான் பிள்ளைக்கு எதையோ கொடுத்து மயக்குகிறேனோ? என் மேற்பார்வையாளருக்கு அன்றே சொன்னேன். “உன் சந்தேகம் ஒரு கேள்வி. தாயைக் கேட்டு, சாப்பாட்டு நேரம் போய்ப் பார்” என்றார். சுகந்தி சம்மதித்தார். அக்கா மட்டும் கட்டுப்போட்ட கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார்: “உமக்கு முன்னாலை தங்கம், எனக்கு முன்னாலை நாய்க்குட்டி. என்ன வித்தை இது?”

புட்டு

மூலையில் கதிரை போட்டு உட்கார்ந்தேன். அடியைத் தேடித்தான் உட்கார்ந்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். அக்கா புட்டும் வாழைப்பழமும் குழைத்து ஊட்டினார். நாலு வாய் போனது. ஆரணி தெளிவாகச் சொன்னாள்: “வேண்டா.”

“என்ரை செல்லம், இன்னும் ஒரு வாய்.”

“வேண்டா.”

“மாமிக்காக ஒண்டு.”

பல் பதிந்தது. அடி இல்லை, அதட்டல்கூட இல்லை. வெறும் பாசம். என் பக்கத்தில் தேத்தண்ணி ஆறிக் கிடந்தது. அப்போதுதான் விளங்கியது. எங்கள் வீடுகளில் முதல் வேண்டாம் மரியாதை, இரண்டாவது கூச்சம். மூன்றாவதைத்தான் காது கேட்கும். ஆரணி பாடுபட்டுப் படித்த சொல் அந்த வீட்டில் செல்லாது. அது செல்லாது என்பதை என் கோப்பையே ஒவ்வொரு முறையும் அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

விளக்கினேன். சுகந்தி தலையாட்டினார். அக்காவுக்குக் கண் கலங்கியது, கோபத்தில். “ஒருக்கா வேண்டாம் எண்டவுடனை விட்டா, பட்டினி போட்ட மாதிரி எல்லோ!”

சோதனை

தட்டு மேசையிலேயே இருக்கட்டும், பசித்தால் அவளே வருவாள் என்றேன். ஆனால் முதலில் என் வேண்டாமிலிருந்து தொடங்குவோம், பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போதே, என்றேன். அடுத்த முறை போன காலை அக்கா கேத்திலோடு நின்றார். “தேத்தண்ணி?”

“வேண்டாம் அக்கா.”

கேத்தில் அந்தரத்தில் நின்றது. வந்த ஆளை வெறும் வாயோடு இருக்கவிட அந்தக் கைக்குத் தெரியாது. பிறகு தன் கோப்பையில் ஊற்றி, என்னை முறைத்தபடியே குடித்தார். ஆரணி கோப்பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

மதியம், புட்டோடு அக்காவின் கை வாய்க்கு அருகே போனபோது “வேண்டா” வந்தது. கை நின்றது. ஆரணி அந்தக் கையை வெகுநேரம், நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்ப்பதுபோல, சந்தேகமாகப் பார்த்தாள். கடிக்கவில்லை. இறங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, தானே ஒரு பிடி எடுத்துக்கொண்டு ஓடினாள். சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போனார். அக்கா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நான் இன்னும் நம்பேல்லை. நாளைக்கும் பாப்பம்.”

ஒருவரையொருவர் நம்பாத பெரியவர்கள் இருவரை ஒரு சின்னப் பிள்ளையின் ஒற்றைச் சொல்லை நம்பவைப்பதற்குத்தான் இந்தத் தொழிலில் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். செப்ரெம்பரில், கனடாவில் அப்போது வரும் தொழிலாளர் தினத்துக்கு மறுநாள் செவ்வாய்க்கிழமை, பள்ளி தொடங்கிய அன்று, சுகந்தி வகுப்பு ஆசிரியைக்கு ‘வேண்டாம்’ என்ற தமிழ்ச் சொல்லைச் சொல்லிக்கொடுத்தார். ஆரணி முழு நாளும் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.