எந்தக் கிராமத்திலும் சேராத கார்

டிராக் ரேஸ் என்றால் என்னவென்று அந்த நாளில் சித்தூரில் தெரிந்திருந்தவன் நான் ஒருவன்தான் என்று சத்தியம் செய்யத் தயார். நேரான சாலை, கால் மைல் தூரம், இரண்டு கார்கள். வளைவு கிடையாது. நாம் மூக்கைச் சிந்தி முடிப்பதற்குள் பந்தயம் முடிந்துவிடும். திருப்பதி ஸ்டேஷன் பக்கம் சாக்கு விரித்துப் பழைய புத்தகம் விற்பவரிடம் ஓர் அமெரிக்கப் பத்திரிகை வாங்கியதில் வந்த ஞானம் இது. அதில் ஒரே காருக்கு இரண்டு படங்கள், பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று. காரென்றால் கூரையும் கதவும் இல்லாத கார். ஈட்டி போல நீண்ட சட்டம், முன்னால் ஒல்லியாக இரண்டு சக்கரம், பின்னால் உரல் மாதிரி இரண்டு, நடுவே திறந்து கிடக்கும் என்ஜின், அதிலிருந்து பக்கத்துக்கு நாலாக எட்டுப் புகைக்குழாய்.

எனக்கு வயது நாற்பத்தாறு. சர்வே ஆபீசில் படம் வரைகிற வேலை. ஓர் அடிக்கு அரை அங்குலம் என்ற கணக்கில் அந்தக் காரைச் செய்தே தீருவது என்று உட்கார்ந்தேன். சட்டத்துக்கு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி. பின்சக்கரத்துக்கு டயர் செருப்பின் குதிகாலை வட்டமாக அறுத்து உப்புத்தாளில் தேய்த்தேன். முன்சக்கரம் ஊசிமருந்துப் புட்டியின் ரப்பர் மூடி. புகைக்குழாய்களுக்கு கம்பவுண்டரிடம் எட்டுப் பழைய ஊசிகள் கேட்டேன். எதற்கு என்றார். சொன்னேன். அதற்குப் பிறகு என்னைக் கண்டால் அவர் தெருவின் மறுபக்கம் போனார்.

படத்தில் அளவு எதுவும் போடவில்லை. காருக்குப் பக்கத்தில் அதை ஓட்டுகிறவர் நின்றிருந்தார். அவர் உயரம் ஐந்தடி நாலங்குலம் என்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கணக்குப் போட்டேன். ஐந்தடி நாலங்குலம் என்னுடைய உயரம்.

வரைபடம் ஒன்று வேண்டுமே. எனக்குத் தெரிந்தது நிலம் வரைகிற முறை ஒன்றுதான். புலப்படத்தில் நடுவே ஒரு நேர்கோடு இழுப்போம். அந்தக் கோட்டிலிருந்து இடப்பக்கம் இத்தனை லிங்க், வலப்பக்கம் இத்தனை லிங்க் என்று, அதாவது அளக்கிற சங்கிலியில் இத்தனை கண்ணி என்று எழுதி, மூலைக்கு மூலை கல் போட்டு எண் கொடுப்போம். காரையும் அப்படியே வரைந்தேன். மூக்கு முதல் வால் வரை நேர்கோடு, பக்கங்களில் லிங்க் கணக்கு, சட்டத்தின் மூலைகளில் கல். ஆபீஸ் டிரேசிங் தாளில், ஆபீஸ் மையில், சாப்பாட்டு வேளையில்.

எல்லை பிரிக்கிற காலம் அது. எந்தக் கிராமம் ஆந்திராவில் நிற்கும், எது மதராசுக்குப் போகும் என்று கட்டுக் கட்டாகப் படங்கள் எங்கள் மேஜைக்கு வந்துகொண்டிருந்தன. ஒருநாள் சூப்பரிண்டெண்ட் திடீரென்று என் முதுகுப்பக்கம் வந்தார். கார்ப் படத்தை எல்லைக் கிராமக் கட்டு ஒன்றுக்குள் செருகினேன். அவர் நின்றார், பார்த்தார், போனார். திரும்பிப் பார்த்தால் கட்டைக் காணோம். நாடா கட்டி உள்ளறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. சர்க்கார் தாளில் சொந்தப் படம் வரைந்தால் வேலை போகும். வரைந்தவன் தமிழ் பேசுகிறவன், தாள் கிடைத்தது எல்லைக் கட்டில், கிராமத்தின் பெயரும் இல்லை என்றால் வேலையோடு நிற்காது என்று பட்டது. பக்கத்து மேஜைக்காரர் இருமினால் சாட்சி சொல்லத் தொண்டையைச் சரிசெய்கிறார் என்று நினைத்தேன். பியூன் தண்ணீர் வைக்க மறந்தால், கைதாகப் போகிறவனுக்கு எதற்குத் தண்ணீர் என்று விட்டுவிட்டான் என்று நினைத்தேன். வீட்டில் கார் அரிசிப் பானைக்குள் போனது. மறுநாள் சோற்றில் ஒரு புகைக்குழாய் வந்தது. மனைவி அதைத் தட்டின் ஓரத்தில் எடுத்து வைத்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இரண்டு நாள் அவளையும் சந்தேகப்பட்டேன்.

மூன்றாம் நாள் கூப்பிட்டார்கள். சூப்பரிண்டெண்ட் நெல்லூர்க்காரர். தமிழ் பேசுவார், சந்தேகம் வந்தால் தெலுங்குக்கு மாறிவிடுவார். பெரும்பாலும் தெலுங்கில்தான் இருந்தார். மேஜைமேல் என் கார்ப் படம்.

“இதி ஏ ஊரு?” என்றார். எந்த ஊர் இது?

தெரியவில்லை சார் என்றேன். அதில் பொய் இல்லை. அமெரிக்காவில் எந்த ஊர் என்று பத்திரிகையில் போடவில்லை.

கட்டில் இருந்த கிராமத்தின் நிலமாகத்தான் இருக்கவேண்டும், பெயர் எழுத விட்டுவிட்டார்கள், நேரில் போய் எந்த நிலமென்று கண்டுபிடித்து வா, உனக்கு அந்தப் பக்கத்துத் தமிழ் தெரியும் என்று உத்தரவு போட்டார். துணைக்கு ஆபீசின் சங்கிலி ஆளை அனுப்பினார். அளக்கிற சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு எதையும் பேசாமல் சிரிக்கிற மனிதர். அவர் சிரிப்பு எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

அப்படியாக, நான் வரைந்த காரைக் கையில் வைத்துக்கொண்டு, நகரிக்குத் தெற்கே வெயிலில் இரண்டு நாள் வயல் வயலாக அதைத் தேடினேன். எங்கே போனாலும் ஜனங்கள் எங்களை நெருங்காமல் நின்று பார்த்தார்கள். கடைசியில் ஏரிக்கரை ஓரம் கேழ்வரகுக்குக் களையெடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் எழுந்து வந்தார்.

“எந்தப் பக்கத்துக்கு எழுதிக்கினு போற எங்கள?”

எழுத வரவில்லை, இந்த நிலத்தைத் தேடி வந்தோம் என்று தாளைக் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது எங்க நெலந்தான். எங்க நைனா காலத்துலேர்ந்து உழுதுகினு கீறோம். இன்னைக்குத்தான் ஒருத்தர் வரைஞ்சிகினு வந்துகீறீங்க.”

நிலத்தைப் பார்த்தேன். ஏரிக்கும் வாய்க்காலுக்கும் நடுவே நீளமாக, ஒரு முனையில் ஒடுங்கி, மறுமுனையில் அகன்று கிடந்தது. பின்சக்கரங்களைக் காட்டி, இது என்ன என்றேன்.

“இது களம். இது கெணத்து மேடு.”

எட்டுப் புகைக்குழாய்?

“பனை. இந்தாண்ட நாலு, அந்தாண்ட நாலு. ரெண்டு சாஞ்சி போச்சு. ஆறுதான் நிக்குது, எண்ணிக்கோ.”

எண்ணினேன். ஆறு.

இந்த அம்மாள் என்னை ஏமாற்றுகிறாரா என்று முதலில் சந்தேகம். பிறகு, யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று சந்தேகம். விசாரித்ததில், அவர் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு காணி கிடையாது. புறம்போக்கு என்று யாரும் அளக்காமல் விட்ட துண்டை உழுதுகொண்டிருந்தார்கள். சர்க்கார் படத்தில் ஏறினால் அது கையை விட்டுப் போகாது என்பது அவர் கணக்கு. என் கார்ப் படத்தில் கையெழுத்துப் போட்டு இதுதான் நிலம் என்று எழுதிவிட்டால் நான் தப்பித்துவிடலாம். ஆனால் நாளைக்கு எவனாவது சங்கிலி பிடித்தால் கல் ஒரு இடத்திலும் நிற்காது. பொய்ப் படம் என்று சொல்லி முதலில் துரத்தப்படுவது அவர்தான்.

சங்கிலியைப் போடச் சொன்னேன். அன்று முழுக்க அந்தத் துண்டை நிஜமாகவே அளந்து, கிணற்று மேட்டில் உட்கார்ந்து புதிதாக ஒரு தாளில் வரைந்தேன். ஆறு பனை போட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் சங்கிலி ஆள் முதன்முறையாக வாய் திறந்தார். “சார், பின்னாடி சக்கரம் இன்னாத்துக்கு அம்மாம் பெருசு?”

என் காதில் பஸ் சத்தம் நின்றுவிட்டது. எப்போது தெரியும் என்றேன்.

“நீங்க வரையச்சொல்லோ ஜன்னலாண்டதான் நின்னுகினு இருந்தேன். நீங்களா எப்போ சொல்லுவீங்கன்னு பாத்துக்கினே வந்தேன். ரெண்டு நாளா நல்லாதான் இருந்துச்சு.”

மறுநாள் காலை அரிசிப் பானையிலிருந்து காரை எடுத்து, துணியில் சுற்றி, சூப்பரிண்டெண்ட் மேஜையில் வைத்தேன். இரண்டு தாளையும் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பவில்லை. கூரை எங்கே, கதவு எங்கே, இது காரே இல்லை என்று தெலுங்கில் சொன்னார். பத்திரிகையைக் காட்டினேன். டிவைடரை எடுத்து என் காரை மூக்கிலிருந்து வால் வரை அளந்தார். படத்தில் நிற்கிற ஆளின் உயரம் எவ்வளவு வைத்தாய் என்று கேட்டார். சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அமெரிக்காவாடு ஆறடி உண்டாடய்யா” என்றார். அமெரிக்காக்காரன் ஆறடி இருப்பானாம்.

அந்த ஒரு வாக்கியத்தில் என் ஆறு மாத உழைப்பு ஒன்பதில் ஒரு பங்கு குட்டையாகிப் போனது. மெமோ கொடுப்பார் என்று நின்றேன். கார்த் தாளின் மேல் ‘எந்தக் கிராமத்திலும் சேராது’ என்று எழுதிக் கட்டிலேயே திருப்பி வைத்தார். அதைக் கிழிக்க அவருக்கும் பயம். காரை விசாரணைக்கு என்று நாலு நாள் தன்னிடம் வைத்துக்கொண்டார். திரும்பி வந்தபோது பின்சக்கரம் தேய்ந்திருந்தது.

ஆனால் இரண்டாவது தாளை அவர் லேசில் விடவில்லை. இது என்ன, பஸ்ஸா என்றார். நிலம் சார் என்றேன். ஒருமுறை ஏமாந்தவர் எப்படி நம்புவார்? நான் ஆபீசிலேயே இருக்க, சங்கிலி ஆளை மட்டும் தனியாக அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார். மறுநாள் சாயங்காலம் அந்த மனிதர் அதே சிரிப்போடு வந்து நின்றார்.

“நெலந்தான் சார்” என்றார். “ஆறு பனை. சக்கரம் ஒண்ணும் இல்ல.”