இடது பக்கம் மட்டும் அழகான கார்

ஒரு காருக்கு எத்தனை பக்கம்?

பள்ளி முடித்த கையோடு, விண்ணப்பத்தில் ஒட்டுவதற்குப் படம் எடுக்கப் போன என்னிடம் ஸ்டுடியோக்காரரின் மனைவி கேட்ட கேள்வி இது. கேலியா, சோதனையா என்று தெரியாமல் விழித்தேன். உள்ளே விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்த ஸ்டுடியோக்காரர் காது கேட்காதவர்போல் முதுகைத் திருப்பிக்கொண்டார். அந்த முதுகுக்குப் பின்னால் இருந்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தெருவில் அவருக்கு லட்சணம் அண்ணன் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் கடை உரிமத்தில் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. யார் வந்தாலும் முக்காலியில் உட்காரவைத்து, தாடையை இரண்டு விரலால் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பி, "உங்களுக்கு இந்தப் பக்கம்தான் லட்சணம்" என்று தீர்ப்பு எழுதிவிடுவார். மற்றப் பக்கத்தில் தழும்போ மருவோ இருந்தால் அது அவர் படத்துக்குள் வரவே வராது. தப்பித்தவறி எட்டிப் பார்த்தால் கணினியில் துடைத்துவிடுவார். அவர் எடுத்த படத்தை அடையாள அட்டையில் ஒட்டிக்கொண்டு போன ஒருவரைக் காவலாளி அலுவலகத்துக்குள் விடவில்லை என்று ஒரு பேச்சு உண்டு. அண்ணன் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அவர் மனைவியைத் தெருவே அண்ணி என்று அழைக்கும். ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடித்து மடித்தே கைரேகை தேய்ந்துபோனவர். ஊருக்கு வெளியே புதிதாகத் திறந்த ஆஸ்பத்திரியில் சலவைக் கூட மேற்பார்வையாளர் வேலை அவரைத் தேடி வந்தது. ஒரே சிக்கல், அங்கே வேலை தொடங்கும் நேரத்துக்கு முதல் பஸ்கூடப் புறப்பட்டிருக்காது. அடுத்த மாதம் முதல் தேதிக்குள் வண்டி ஏற்பாடு செய்துகொண்டு வந்தால் வேலை அவருக்கு. இல்லையென்றால் வரிசையில் அடுத்து நிற்பவளுக்கு.

அண்ணிக்குக் கார் ஓட்டத் தெரியும். சலவை வேனை ஓட்டிப் பழகியவர். அண்ணனுக்கு சைக்கிள் மட்டும்தான். ஆகவே, குடும்ப வழக்கப்படி, காரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அண்ணனிடம் வந்தது.

இணைய ஏலத்தில் பழைய கார் மலிவாகக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, அண்ணன் கடையை மூடிவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்தார். மெக்கானிக்காக இருக்கும் அண்ணியின் தம்பி வந்து பக்கத்தில் நின்று சொல்லிப் பார்த்தான். ஏலத்துக்கு முந்தின நாளைப் பார்வை நாள் என்று வைத்திருக்கிறார்கள், அன்றைக்கு நேரில் போக வேண்டும். வண்டியைச் சுற்றி வர வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் வெள்ளத்தில் மூழ்கிய வண்டி சேற்றுக் கோட்டைக் காட்டிக்கொடுத்துவிடும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து கேட்க வேண்டும். வண்டியில் பொறித்த சேசிஸ் எண்ணும் காகிதத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். எவ்வளவு விலைவரை போவது என்று முன்கூட்டியே முடிவு செய்து, அதற்கு மேல் கை வைக்கக் கூடாது. தானும் கூட வருவதாகச் சொன்னான்.

அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, அவன் போனதும் அண்ணியிடம் சொன்னார். "உன் தம்பி கண்ணு எண்ணெய்க்குள்ளயே ஊறிப்போச்சு. வண்டியோட முகத்தைப் பாக்கத் தெரியாது அவனுக்கு."

ஏலத் தளத்திலும் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை போட்டிருந்தார்கள்: வண்டி உள்ளது உள்ளபடியே விற்கப்படும், நேரில் பார்த்து வாங்கவும், பிறகு திருப்பி எடுக்க மாட்டோம். அந்தச் சிவப்பு கண்ணை உறுத்துகிறது, வடிவமைத்தவனுக்கு ரசனையே இல்லை என்று சொல்லி அண்ணன் அதைத் தாண்டிப் போனார்.

அப்புறம்தான் அந்த வெள்ளைக் கார் வந்தது. மாலை வெயில் சாய்வாக விழ, பின்னணி மங்கலாக, கதவின் வளைவில் ஒரு கோடு வெளிச்சம். அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். முன்னாலிருந்து சற்றே இடது, பின்னாலிருந்து சற்றே இடது, நேராக இடது, கிட்டத்தில் இடது. படங்கள் நிறைய இருந்தன, எல்லாமே இடது.

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த அண்ணி, மற்றப் பக்கம் எங்கே என்று கேட்டார்.

"எடுத்தவன் தொழில் தெரிஞ்சவன். இதுக்கு இந்தப் பக்கம்தான் லட்சணம்" என்றார் அண்ணன்.

இருபது வருடமாக ஊரின் மறுகன்னங்களை மறைத்துச் சம்பாதித்த மனிதருக்கு, ஒரு காரின் வலது கன்னம் எங்கே போனது என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. பார்வை நாளன்று, நேரில் போனால் இதைவிடத் தெளிவாகவா தெரியப்போகிறது என்று வீட்டிலேயே இருந்தார். அண்ணிக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. மறுநாள் ஏலத்தில் யாரோ ஒருவன் அதே காரை விடாமல் கேட்டான். நம்மைப்போல் கண் உள்ளவன் இன்னொருவன் இருக்கிறான் என்று அண்ணனுக்கு ரோஷம் வந்தது. முடிவு செய்து வைத்திருந்த வரம்பு எப்போது தாண்டியது என்று அவருக்கே தெரியாது. திரையில் 'வாழ்த்துகள்' என்று வந்தபோது எழுந்து நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டார், பரிசு வாங்கப் போகிறவர்போல.

முதல் தேதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அண்ணன், அண்ணி, தம்பி மூன்று பேரும் பஸ் மாறி ஏலக் கிடங்குக்குப் போனார்கள். கார் ஒரு மதிலை ஒட்டி நின்றிருந்தது. இடது பக்கம் படத்தில் பார்த்தது போலவே மினுக்கியது. "எப்படி?" என்றார் அண்ணன், தானே அதைப் பெற்றெடுத்ததுபோல.

அண்ணி மதிலுக்கும் காருக்கும் நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழைந்தார். பிறகு அவர் குரல் மட்டும் வந்தது. "இங்க வாங்க. உங்க அழகியை வந்து பாருங்க."

வலது பக்கம் முழுக்க, ஏதோ லாரி நின்று நிதானமாக உரசிவிட்டுப் போனதுபோல் இருந்தது. ஓட்டுநர் கதவு உள்வாங்கி, சட்டத்தோடு கடித்துக்கொண்டு, எப்படி இழுத்தாலும் திறக்கவில்லை.

அண்ணன் கிடங்கு மேலாளரிடம் பாய்ந்தார். படத்தில் இது இல்லையே என்றார். மேலாளர் இந்தப் பேச்சைத் தினம் கேட்பவர். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பார்வை நாள் வச்சோமே சார், நீங்க வரலையே. ஆமா, நீங்க என்ன தொழில் பண்றீங்க?"

அண்ணன் காரின் பக்கம் திரும்பிக்கொண்டார். மைத்துனன்தான் எடுத்துக் கொடுத்தான். "மாமா போட்டோ ஸ்டுடியோ வச்சிருக்காரு சார்." மேலாளர் அப்போதுதான் நிமிர்ந்தார்.

அண்ணியின் கவலை வேறு. வண்டி ஓடுமா, ஓடாதா? ஓடாவிட்டால் வேலை போச்சு. இடது கதவைத் திறந்து ஏறி, கியர் கம்பியைத் தாண்டி, கையும் காலும் எங்கெங்கோ மாட்ட, ஒரு வழியாக ஓட்டுநர் இருக்கையில் போய் விழுந்தார். தம்பி எஞ்சின் மூடியைத் தூக்கிக்கொண்டு காதைக் கொடுத்தான். சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரு தரம் இருமி, பிறகு சீராக ஓடத் தொடங்கியது.

"அக்கா, உனக்கு அதிர்ஷ்டம். மாமாவுக்கு மூளை" என்றான் தம்பி. அண்ணன் அதையும் பாராட்டாக எடுத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை.

முதல் தேதி விடிவதற்குள் அண்ணி புது ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தினார். இடது கதவு வழியாக முதலில் ஒரு கால் வெளியே வந்தது, பிறகு கைப்பை, கடைசியில் மேற்பார்வையாளர். வாயில் காவலாளி உள்ளே குனிந்து, டிரைவர் எங்கே என்று தேடினார். "நான்தாங்க" என்று உடுப்பைத் தட்டிவிட்டுக்கொண்டு அண்ணி உள்ளே போனார். வேலை தங்கியது.

சில வாரம் கழித்துத் தம்பி உடைசல் கடையிலிருந்து ஒரு கதவைக் கொண்டுவந்து மாட்டினான். கிடைத்தது பச்சைக் கதவுதான். வெள்ளைக் காரில் அது அப்படியே கண்ணில் அடித்தது. உடனே வெள்ளை அடித்துவிடலாம் என்று அண்ணன் கெஞ்சினார்.

"அப்படியே இருக்கட்டும்" என்றார் அண்ணி. "நீங்க மறைச்சது போதும். அந்தப் பக்கத்தையும் நாலு பேர் பாக்கட்டும்."

இப்போது ஸ்டுடியோ சுவரில் அந்தக் காரின் படம் ஒன்று பெரிதாகத் தொங்குகிறது. அண்ணன் எடுத்தது, மாலை வெயிலில், இடது பக்கமாக. வேலை முடிந்து வந்ததும் அண்ணி அதன் கீழே உட்கார்ந்துகொண்டு, படம் எடுக்க வருகிறவர்களிடமெல்லாம் அதே கேள்வியைக் கேட்கிறார். விழிப்பவர்களுக்குப் பதிலையும் அவரே சொல்லிவிடுகிறார்: "நாலு. குனிஞ்சு பார்த்தா அஞ்சு."

உங்கள் வீட்டிலும் யாராவது இந்நேரம் ஒரு காரின் படத்தை ரசித்துக்கொண்டு ஏலப் பொத்தான் மேல் விரலை வைத்திருக்கலாம். அவர் அழுத்துவதற்குள் இந்தக் கதையை அவர் காதில் போட்டுவிடுங்கள்.