அறுபத்து மூன்றில் நின்ற முள்

அந்த எடை பார்க்கும் கருவியை இன்னும் தூக்கிப் போடவில்லை. சமையல் மேடையை ஒட்டி, அக்கா வைத்த இடத்திலேயே கிடக்கிறது. முள் ஓடும் பழைய கருவி. இங்கே அமீர்பேட்டைக் கடைத்தெருவில் நான்தான் வாங்கினேன்.

அக்காவுக்கு இதயத்தின் தசையே தளர்ந்துபோகும் நோய். அரிதானது என்றார் டாக்டரம்மா. வயிற்றில் பிள்ளை வந்த பிறகுதான் தெரிந்தது. தினமும் காலையில் எடை பார்க்கச் சொன்னார். இரண்டு நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது குழந்தை வளர்வதல்ல, உடம்பில் கோக்கும் நீர். அன்றே வந்துவிட வேண்டும், எட்டாம் மாதமானாலும் குழந்தையை எடுத்துவிடலாம், இருவரையும் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். இதில் புரியாமல் போக ஒன்றுமில்லை. ஆனால் பிரசவம் பார்க்கத் திருநெல்வேலியிலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்திருந்த அம்மா, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும் ஆரம்பித்தாள். "ஏழுல பொறந்தாலும் தங்கும், எட்டுல பொறந்தா தங்காதுட்டி." எம்.சி.ஏ. படித்து, கச்சிபௌலி ஐ.டி. கம்பெனியில் பத்துப் பேரை வேலை வாங்கிய அக்கா அதை நம்பினாள். அத்தான் ஆன்சைட்டில், அமெரிக்காவில். எடையைக் குறித்துவைக்கும் வேலை என்னுடையது.

எட்டாம் மாதம் முடியப்போகும் அந்த வாரம் முழுக்க முள் அறுபத்து மூன்றிலேயே நின்றது. அவள் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. மூன்று தலையணை இல்லாமல் படுக்க முடியவில்லை. நான் பார்த்தது முள்ளை மட்டும்தான். கம்பெனி பஸ் போய்விடும் என்ற அவசரம். அவள் ஒரு கை மேடைமேல் இருந்ததையும் பார்த்தேன். "நல்லாப் பிடிச்சுக்கோ, விழுந்து தொலைக்காத" என்று நானே சொன்னேன். "சரிங்க மேனேஜரம்மா" என்று சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை மூச்சுத் திணறி, இருமலில் நுரை வந்தது. ஆம்புலன்ஸில் என் விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "முள்ளு ஏறிடக் கூடாதுன்னு மேடைய அழுத்திக்கிட்டு நின்னேன்ட்டி. ஒம்பது பொறக்க அஞ்சு நாளுதான... திட்டாத."

திட்டினேன். அவளிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

எட்டாம் மாதத்திலேயே குழந்தையை எடுத்தார்கள். அது தங்கியது. அக்காதான் போய்விட்டாள். "இப்ப என்ன சொல்லுதே?" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் முன்னாலும் அம்மாவைக் கேட்டேன். அம்மாவைக் கேட்க நான் இருந்தேன். பஸ்ஸுக்கு ஓடிய என்னை யாரும் கேட்கவில்லை.

நேற்று அந்தக் குழந்தை, இப்போது ஏழு வயது, கருவிமேல் ஏறி நின்றாள். ஒரு கையால் மேடையைப் பிடித்திருந்தாள்.

"கைய எடுட்டி!" என்று கத்திவிட்டேன்.

"எந்துக்கு சித்தி?" என்று தெலுங்கில் காரணம் கேட்டபடி, பயந்துபோய் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினாள். முள் நகர்ந்து இருபத்தொன்றுக்குப் போனது. குனிந்து, அது ஆடி அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.