நாகூர் மீரானின் சிவப்பு நூல்

பினாங்கில், கப்பித்தான் பள்ளிவாசலுக்குப் பின்சந்தில் இருந்த முகம்மது சுல்தானின் லெலோங் என்னும் ஏலக் கடையில், ஏலம் கூறுகிறவரைவிட நாகூர் மீரானுக்குத்தான் மரியாதை அதிகம். காரணம் அவருடைய காது. பீங்கானோ மண் ஜாடியோ, விளிம்பில் மோதிரத்தால் ஒரு தட்டு தட்டிக் கேட்பார். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தாலும் ஓசை சட்டென்று செத்துவிடும். நல்ல பாண்டம் என்றால் மெல்லிய ரீங்காரம் இழுத்துக்கொண்டே போகும். ரீங்காரம் கேட்டால் பாண்டத்தின் கழுத்தில் ஒரு சிவப்பு நூல் கட்டுவார். நூல் கட்டிய சாமானை வேறு யாரும் தட்டிப் பார்க்கக் கூடாது. தட்டினால் அது மீரானை அவமதிப்பது என்பது அங்கே எழுதாத சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்ட புண்ணியவான், மனுஷனுக்கு வயசாகும் என்பதை மறந்துவிட்டான்.

சில வருஷமாகவே அந்த ரீங்காரம் மீரானுக்குக் கேட்கவில்லை. பேச்சு கேட்டது, பாங்கு கேட்டது, வீட்டில் மனைவி ஹமீதா திட்டுவது நன்றாகவே கேட்டது. அந்த மெல்லிய இழுப்பு மட்டும் போய்விட்டது. அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. நூல் கட்டாமல் விட்டால் சாமானுக்கு உடையவர் சண்டைக்கு வருவார், இன்னொரு தடவை தட்டச் சொல்வார். கட்டிவிட்டால் எவரும் வாயைத் திறப்பதில்லை. ஆகவே கண்ணுக்குக் கீறல் தெரியாததற்கெல்லாம் கட்டினார். கட்டிய சாமான் கடையை விட்டுப் போகும்வரை அந்தப் பக்கம் திரும்பமாட்டார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம், பினாங்கு மலையில் சொந்தமாகச் சக்கரமும் சூளையும் வைத்துப் பாண்டம் வனைந்துகொண்டிருந்த ஒரு துரைசானி சீமைக்குத் திரும்பினாள். அவளுடைய சாமான்கள் கடைக்கு வந்தன. அவற்றில் மூடி போட்ட பெரிய ஜாடி ஒன்று. சாம்பல் கலந்த பச்சை மெருகு, ஒரு பக்கம் சற்றே சரிந்த தோள், அடியில் அவளுடைய இலை முத்திரை. மீரான் கையை உள்ளே விட்டு, வனையும்போது அவள் விரல் ஓடிய வரிகளைச் சுற்றிலும் தடவினார். அச்சில் வார்த்த சாமானில் இந்த வரி இருக்காது. ஜாடி அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அப்புறம் தட்டினார். வழக்கம்போல ஒன்றும் கேட்கவில்லை.

இது யாரோ வாங்கும் சாமானாக இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கட்டியிருப்பார். ஆனால் அதன்மேல் கண் வைத்திருந்தவர் ஷேக் அலாவுதீன், பாகான் டாலாமில் மளிகைக் கடை வைத்திருந்த நெடுநாள் சிநேகிதர். மகள் சுலைஹா பிரசவத்தில் பிழைத்தெழுந்தால் பள்ளிவாசலில் ஒரு தண்ணீர் ஜாடி வைப்பதாக நேர்ந்திருந்தார். மகள் பிழைத்தாள். நேர்ச்சைக்குப் பழுதான பாண்டம் வைக்கலாமா?

"நீங்க நூல் கட்டுனா போதும்ண்ணே. எவன் கேட்டாலும் விடமாட்டேன்லா," என்று முந்தின நாள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி வைத்தால் தெரிந்துவிடும். ஆனால் மீரான் தண்ணீர் ஊற்றுவதை யாராவது பார்த்தால், காதுக்கு என்ன ஆச்சு என்று கேட்பார்கள். நூலைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு முதலாளியிடம் போனார்.

"இதுக்கு நான் கட்டல முதலாளி. எனக்குக் காது போச்சு. போய் ரொம்ப நாளாச்சு."

முகம்மது சுல்தான் கோப்பியை உறிஞ்சிக்கொண்டே, "தெரியும்ண்ணே," என்றார்.

"எப்படி?" என்றார் மீரான்.

"முன்னெல்லாம் பாதிச் சாமான ஒதுக்கிடுவீங்க. இப்ப ஒண்ணயும் ஒதுக்குறதில்ல. யாவாரம் நல்லா ஓடுது. நல்ல காது உள்ள ஆளு எனக்கு எதுக்குலா?"

"அலாவுதீன் கிட்ட நான் சொல்லிடுவேன்."

"சொல்லுங்க. இத்தன வருஷமா வாங்குனவன் பூரா வருவான். என் வாசலுக்கு இல்ல, உங்க வாசலுக்கு. கட்டுனது உங்க கைதானே."

சொல்லிவிட்டு அவர் எழுந்தார். மீரானின் கையிலிருந்த நூலை உருவி ஜாடியின் கழுத்தில் சுற்றினார். இரண்டு சுற்று, வால் உள்பக்கம் செருகிய முடிச்சு. மீரான் போடும் அதே முடிச்சு. முதலாளியின் விரல்கள் கொஞ்சமும் தடுமாறவில்லை. தான் ஒதுக்கி வைத்த எத்தனை சாமானுக்கு முதலாளியின் கை இப்படி நூல் கட்டியிருக்கும் என்று மீரான் அப்போதுதான் நினைத்துப் பார்த்தார். காது நன்றாக இருந்த நாளிலும் அவர் வார்த்தை அவருடையதாக இருந்ததில்லை.

ஏலம் முடிந்ததும் அலாவுதீன் ஜாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்.

"முடிச்சப் பாத்ததும் மனசு குளுந்துருச்சுண்ணே. வெள்ளிக்கிழம பள்ளியில வைக்கிறேன். மொதத் தண்ணி நீங்கதான் குடிக்கணும்."

முதலாளி கல்லாவிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

"குடிக்கிறேன் தம்பி," என்றார் நாகூர் மீரான்.