மூணாறு பனி பிடித்த கதை

ஞானஜோதி அக்கா இதுவரை செய்து பார்த்த சிப்ஸ் சுவைகள் மொத்தம் இருபத்தேழு. அந்த இருபத்தேழையும் முதலில் வாயில் போட்டவன் நான். இன்றும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். கருவாட்டு சிப்ஸ் தின்ற அன்று மட்டும் என் மனைவி யோகப்பிரியா என்னை வீட்டுக்குள் விடவில்லை. வாசலில் உட்கார்ந்துதான் சோறு தின்றேன்.

என் பெயர் சந்துரு. பாலக்காடு பக்கம் முதலமடையில் ஆறுமுகசாமி அய்யாவின் சிப்ஸ் கம்பெனியில் வண்டி ஓட்டுகிறேன். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அய்யாவின் மாந்தோப்பு ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை, மூன்று அடுப்பு, ஆறு பெண்கள், என் வண்டி. அவ்வளவுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து உருளைக்கிழங்கு வரும். சீவிப் பொரித்து, பாதிக்கு உப்பும் பாதிக்கு மிளகாய்ப்பொடியும் தூவிப் பாக்கெட் போட்டால், கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை.

அந்த ஆறு பெண்களில் ஒருவர் ஞானஜோதி அக்கா. மூணாறு பக்கம் பள்ளிவாசல் என்ற ஊரில், தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர். மாங்காய் லாரி ஓட்டும் ஏசுதாஸ் அண்ணனைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஊருக்கு வந்தார். ஸ்வெட்டர் போட்டு வளர்ந்தவர், எங்கள் சித்திரை வெயிலில், அதுவும் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று ஒரு நாள்கூட முகம் சுளித்தது கிடையாது. ஆனால் நாக்கு பொல்லாத நாக்கு. ஒரு சிப்ஸைக் கடித்துவிட்டு, "இது முந்தாநேத்து எண்ணெய்" என்பார். சரியாகத்தான் இருக்கும்.

இந்தச் சுவைப் பைத்தியத்துக்குக் காரணம் அவருடைய கடைசித் தங்கை டின்சி. லண்டன் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு வருடத்துக்கு முன் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது பெட்டி நிறைய சிப்ஸ் பாக்கெட் கொண்டுவந்தாள். ஆளாளுக்கு சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் கொண்டுவருவார்கள். இவள் சிப்ஸ் கம்பெனியில் வேலை செய்கிறவருக்கு சிப்ஸ் கொண்டுவந்தாள். ஒன்றில் இறால் சுவை. கனடாக்காரருக்குத் தக்காளி சாஸ். தாய்லாந்துக்காரருக்குக் கடல்பாசி. சீனாவில் வெள்ளரிக்காய்! பொரித்த கிழங்கில் பச்சை வெள்ளரிக்காய் வாசம் வருகிறது, நானே தின்றேன். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் முள்ளெலிச் சுவை என்றே விற்றார்களாம். அதைக் கேட்ட அன்று அக்கா தூங்கியிருக்கமாட்டார்.

"முள்ளெலிக்கே ஒரு பாக்கெட் இருக்கு, நம்ம ஏலக்காய்க்கு ஒரு பாக்கெட் கெடையாதா தம்பி?" என்று மறுநாள் என்னிடம் கேட்டார். கேள்வி நியாயமாகத்தான் பட்டது. அப்போது எனக்கு வரப்போகும் கஷ்டம் தெரியாது.

கொட்டகையின் மூலையில் ஒரு பழைய மேஜையைப் பிடித்துக்கொண்டார். வேலை முடிந்ததும் அரை மணி நேரம் அங்கேதான். பூஸ்ட் பாட்டில், ஹார்லிக்ஸ் பாட்டில் எல்லாம் வரிசையாக நின்றன. ஏலக்காய் சிப்ஸ் பாயசம் மாதிரி இருந்தது. நார்த்தங்காய் சிப்ஸ் பல்லைக் கூச வைத்தது. காபித்தூள் சிப்ஸைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை. கருவாடு நிஜமாகவே நன்றாக இருந்தது, ஆனால் தெருநாய் நான்கு என் வண்டிக்குப் பின்னாலேயே கோவிந்தாபுரம் வரை ஓடிவந்தன.

ஆறுமுகசாமி அய்யா நல்ல மனிதர். புதிது என்றால் மட்டும் அவருக்கு ஆகாது. "ஏம்மா ஜோதி, உப்பு, மொளகாப்பொடி. இந்த ரெண்டும் பத்தாதுங்கறயா? அந்த மேசைய எடுத்தா எண்ணெ டின்னு அடுக்கலாமில்ல?" என்று வாரம் ஒருமுறை கேட்பார். அக்கா சிரித்துவிட்டுப் பாட்டில்களை அடுக்குவார். ஆனால் அந்த மேஜை போய்விடுமோ என்ற பயம் அவருக்கு உள்ளுக்குள் இருந்தது. என்னிடம் ஒருமுறை சொல்லியும் இருக்கிறார்: "பதினாறு வயசுல கொழுந்து எடுக்கப் போனேன். எம்புட்டு எடுத்தாலும் அது எஸ்டேட் டீ. இங்க எம்புட்டுப் பொரிச்சாலும் அய்யா சிப்ஸ். இது நான் செஞ்சதுன்னு ஒண்ணே ஒண்ணு இருக்கணும் தம்பி. ஒரு பாக்கெட் போதும்."

போன சித்திரையில் இருபத்தேழாவது சுவை வந்தது. காய்ந்த புதினா, சுக்கு, மிளகு, துளசி, கொஞ்சம் எலுமிச்சை உப்பு. வாயில் போட்டதும் சில்லென்றது. அப்புறம் மெதுவாகக் காரம் ஏறியது. வெளியே நாற்பது டிகிரி வெயில். எனக்கு முதுகு சிலிர்த்தது. அய்யாவுக்கு ஒன்று கொடுத்தோம். "இதென்றா, நாக்குல ஐஸு வெச்ச மாதர இருக்குது" என்றார். பேசிக்கொண்டே கை நீண்டு இன்னொன்றை எடுத்தது. அப்புறம் இன்னொன்று. எங்களுக்கு உயிர் வந்தது.

அய்யா ஒரு நிபந்தனை போட்டார். கொல்லங்கோட்டில் மூன்று நாள் மாம்பழக் கண்காட்சி வருகிறது. நம் கடையில் இதில் ஐந்நூறு பாக்கெட் வைக்கலாம். மூன்று நாளில் தீர்ந்தால் இந்தச் சுவை நிரந்தரம். பாக்கெட்டில் அக்கா பேரும் போடலாம். மீந்தால் மேஜையை எடுத்துவிட்டு எண்ணெய் டின். அக்கா சரி என்று தலையாட்டினார்.

பேர் அக்காதான் வைத்தார்: மூணாறு பனி. மார்கழியில் புல்மேல் வெள்ளையாகப் படியுமே, அந்தப் பனி. பாக்கெட்டின் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். அக்காவும் நானும் தமிழ் மீடியம். அக்காவுக்கு மலையாள எழுத்து சுத்தமாகத் தெரியாது. நான் பஸ் போர்டு படிக்கிற அளவு. அந்தப் பெருமையில், நானே மலையாள எழுத்தில் கொட்டை கொட்டையாக எழுதி, போட்டோ எடுத்து, கோயம்புத்தூர் அச்சகத்துக்கு அனுப்பினேன். ம, ந, ப, எல்லாம் சரி. ஒரு புள்ளி தப்பில்லை.

கண்காட்சி முதல் நாள் காலையில் மாம்பழ வாசத்துக்கு நடுவே எங்கள் கடை ஜோராக இருந்தது. முதலில் வந்த அம்மா ஒருவர் பாக்கெட்டை எடுத்து மலையாளப் பக்கத்தைப் படித்தார். முகம் மாறியது. "அய்யோ, மூன்னாறில் பனியோ?" என்று பக்கத்தில் நின்ற மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்து வந்தவர் படித்துவிட்டுப் பாக்கெட்டை இரண்டு விரலால் பிடித்துத் திரும்ப வைத்தார்.

பாக்கெட்டைத் திருப்பி நானே படித்தேன். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். இது எனக்குத் தெரியாததா? பாலக்காட்டில் பிறந்து, தினமும் மலையாளம் பேசி, "பனியுண்டோ?" என்று டாக்டர் எத்தனை தடவை கேட்டிருப்பார்! ஆனால் எழுதும்போது மண்டைக்குள் இருந்தது அக்கா சொன்ன தமிழ்ப் பனி. கை மட்டும்தான் மலையாளம் எழுதியது. ஐந்நூறு பாக்கெட்டில் மூணாறு காய்ச்சல் என்று அச்சடித்துக் கொண்டுவந்து அடுக்கியிருக்கிறேன்.

மதியம் வரை ஒன்பது போனது. ஒன்பதும் தமிழ் படிக்கிறவர்கள் வாங்கியது. அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

"ஏனுங்கக்கா... என்னைய ரெண்டு அடி வேண்ணா அடிச்சுப் போடுங்க."

அக்கா திரும்பி, அடுக்கியிருந்த பாக்கெட்டுகளைப் பார்த்தார். கண் கலங்கியது. எனக்கு அங்கேயே பூமி பிளந்து விழுங்கிவிடாதா என்றிருந்தது. அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "ஏந்தம்பி, காய்ச்சலுக்கு எங்கம்மா என்ன குடுக்கும் தெரியுமா? சுக்கு, மிளகு, துளசி."

ஒரு பாக்கெட்டைத் தட்டிக் காட்டினார்.

"அதத்தான உள்ள போட்டுருக்கேன்! அப்போ பேரு சரிதானே? ஒரு அட்டை எடு. நான் சொல்லுதத எழுது. இந்தத் தடவ படிச்சுக் காமிச்சுட்டு எழுது, பாவி."

பெரிய அட்டையில் மலையாளத்தில் எழுதினேன்: "ஈ பனி வந்நால் மாறில்லா." இந்தக் காய்ச்சல் வந்தால் குணமாகாது என்று அர்த்தம். அக்கா அந்த வேகாத வெயிலில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, காதை மூடிக்கொண்டு, கடை முன்னால் காய்ச்சல்காரி மாதிரி உட்கார்ந்தார். போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் "நாக்க நீட்டுங்க" என்று சொல்லி, நாக்கில் ஒரு சிப்ஸ் வைத்தார். "மூணு நேரம். சாப்பாட்டுக்கு முன்ன ஒண்ணு, பின்ன ஒண்ணு, எடையில ஒரு பாக்கெட்."

முதலில் காலேஜ் பெண்கள் வந்து சிரித்தார்கள். அவர்கள் போன் எடுத்ததும் கூட்டம் கூடியது. காலையில் மகளை இழுத்துக்கொண்டு ஓடிய அம்மாவே திரும்பி வந்து நாக்கை நீட்டினார்.

இரண்டாம் நாள் உச்சி வெயிலில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒருவர் வந்தார். சுகாதார இலாகா. கண்காட்சியில் மூணாறு காய்ச்சல் பரவுகிறது என்று யாரோ போன் செய்திருக்கிறார்கள். அதே நேரம் பார்த்து ஆறுமுகசாமி அய்யாவும் வந்து நின்றார். அதிகாரி அட்டையைப் படித்தார், பாக்கெட்டைத் திருப்பினார், சிரிக்கவே இல்லை. அக்கா எழுந்து, துண்டைக்கூட அவிழ்க்காமல், "சாரே, நாக்கு" என்றார்.

அதிகாரி நாக்கை நீட்டிவிட்டார்! மென்றார். கண்ணை மூடினார். "தணுக்குன்னல்லோ!" குளிருகிறதே என்றார். அப்புறம் கறாராகச் சொன்னார், இது மருந்து இல்லை என்று பெரிதாக எழுதி வைக்க வேண்டும். உடனே எழுதினேன்: "மருந்தல்ல, சிப்ஸ்." அதைப் படித்துவிட்டு ஜனங்கள் இன்னும் சிரித்தார்கள். அதிகாரி ஆபீசுக்குப் பத்துப் பாக்கெட் வாங்கிக்கொண்டு போனார். அய்யா தூணில் சாய்ந்து நின்று வயிறு குலுங்கச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் மதியத்துக்குள் ஐந்நூறும் காலி. கடைசிப் பாக்கெட்டை அய்யாவே பிரித்துத் தின்றார். "பேர மாத்தப்படாது. அப்படியே இருக்கோட்டும். அந்த மேசைக்கு ஒரு விளக்குப் போட்டுக் குடுத்தர்லாம்" என்றார். எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை.

பத்து நாள் கழித்துப் புது பாக்கெட்டின் மாதிரி வந்தது. பின்பக்கம் கீழே சிறிய எழுத்தில், இரண்டு மொழியிலும், சுவை செய்தவர் பேரும் பிறந்த ஊரும். தமிழை அக்கா விரல் வைத்துப் படித்தார். மலையாளத்தை நான் படித்துக் காட்டினேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒன்னைய நம்ப மாட்டேன்."

பாக்கெட்டோடு நேராக பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். பாலக்காடு பஸ் வந்து நின்றது. படியில் தொங்கிய கண்டக்டரிடம் பாக்கெட்டை நீட்டி, "சாரே, இதொண்ணு படிங்க. சத்தமா" என்றார். கண்டக்டர் ஊர் பேர் கூவுகிற அதே குரலில், பஸ் முழுக்கக் கேட்கும்படி கூவினார்:

"ஞானஜோதி! பள்ளிவாசல்!"

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அக்கா பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிற மாதிரி கையைத் தூக்கினார்.

"நாந்தான்" என்றார்.