எறும்பு தின்ற மாப்பிள்ளை ரத்தம்

மலேரியாக் கிருமி "இருக்கிறது" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். "இல்லை" என்று சொல்லத்தான் கண்ணும் கழுத்தும் போகும். மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்து எழுந்தவர்களே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நுண்ணுயிரியல் முதுகலை மாணவியான நான், கடமலைக்குண்டுப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பயிற்சிக்குப் போயிருந்தேன்.

நல்லா இருக்குற நாள்

போர்வெல் வண்டியோடு ஒடிசா வரை போய்த் திரும்பிய பாண்டியை அவருடைய அத்தை இழுத்து வந்தார். மாமியாராகப் போகிறவரும் அவரேதான். பாண்டிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல். மாப்பிள்ளை ஏதோ சீக்கை மறைக்கிறார் என்று ஊரில் பேச்சாம். என்னவென்று தெரியாமல் தாலி ஏறாதாம். எனக்கு வந்ததே கோபம்! காய்ச்சல் என்ன நடத்தைச் சான்றிதழா?

அத்தையோடு வாதாடிவிட்டு ரத்தம் எடுக்கத் திரும்பினால், பாண்டி விரலை மடக்கிக்கொண்டார். "நாளைக்கு நடுக்கம் வரும், அப்ப குத்துங்க. நல்லா இருக்குற நாள்லயும் குத்து வாங்கணுமா தாயி?"

திராட்சைப் பெட்டி

ஒருவழியாகக் குத்தி, ஸ்லைடில் ரத்தத்தைத் தடவிக் காய வைத்தோம். ஜன்னலோரம் காற்று வரும் என்றேன்; லேப் டெக்னீசியன் சகாயமேரி அக்காவும் சரி என்றார். பக்கத்திலேயே, குணமாகிப் போன ஒரு விவசாயி அன்போடு கொடுத்த கம்பம் திராட்சைப் பெட்டி இருந்ததை இருவருமே யோசிக்கவில்லை. சாப்பிட்டு வந்து பார்த்தால், திராட்சைக்கு வந்த எறும்புகள் ரத்தத்தைச் சுத்தமாக முடித்திருந்தன.

எறும்புக்கு எந்த ரத்தமும் ருசிதான் என்று நான் விளக்கியது எடுபடவில்லை. அத்தை மருமகனை மேலும் கீழும் பார்த்தார். "எறும்பு மொய்க்குதுன்னா சக்கர வியாதிதான். அதத்தான் மறைச்சிருக்காக!"

சாயமா, கிருமியா

மறுபடி குத்தினோம், இந்த முறை மூடி வைத்தோம். சாயம் ஏற்றிப் பார்த்தேன். வீங்கிய சிவப்பணுவுக்குள் நீல வளையம், அதில் ஒரு சிவப்புப் புள்ளி. மலேரியாக் கிருமியேதான் என்று கத்திவிட்டேன். அக்கா எட்டிப் பார்த்து, "சாயத் திப்பி" என்றார். திப்பி எங்கேயாவது அணுவுக்குள் போய் உட்காருமா? விடுவேனா! ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது என்று காட்டிக்கொண்டே போனேன். அக்கா குமிழைத் திருகித் திருகிப் பார்த்தார், சிரித்தார்.

"ஏத்தா, நீ ஜெயிச்சிட்ட. மாப்பிள்ள ரத்தத்துல பூச்சின்னதுக்கு இந்தக் குதி குதிக்கிறவள இன்னைக்குத்தான் பாக்குறேன்."

பெண் பார்த்தது

மறுநாள் மணப்பெண் செல்வி தன் அம்மாவோடு, அதாவது அதே அத்தையோடு வந்தாள். கொசு கடித்து வந்த மலேரியா, மாத்திரையை முழுசாகச் சாப்பிட்டால் தீர்ந்துவிடும், சோதித்ததில் சர்க்கரையும் இல்லை, மறைத்த நோயும் இல்லை என்று தொண்டை வறளச் சொன்னேன். அத்தை அசையவில்லை. "சீக்கு சீக்குதானே" என்றார். நடுக்கத்தோடு போர்வைக்குள் இருந்த பாண்டியின் முகம் விழுந்துவிட்டது.

செல்வி மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அம்மா பக்கம் திரும்பினாள். "இத்தினியூண்டு பூச்சிக்கா பயந்தீக? இவுக கொஞ்சம் நல்லா இருந்தாலே மாத்திரையப் பாதியில நிறுத்துற ஆளு, பக்கத்துல ஒருத்தி வேணும். நாளக் குறிங்கம்மா!"

நான் அறிவியலைக் கொட்டியும் அசைக்க முடியாத அத்தையை அவள் ஒரே மூச்சில் கல்யாண மாலைக்குச் சொல்லப் பூக்கடைக்கு அனுப்பிவிட்டாள் என்பதை, என்னைப் பட்டிமன்றங்களுக்கு அனுப்பிவைக்கும் கல்லூரியிடம் மட்டும் தயவுசெய்து யாரும் சொல்லிவிடாதீர்கள்.