செலிக்கை எண்ணாமல் விட்ட காலை

புரூக்ளினில், பிரவுன்ஸ்வில்லின் கோட்டு தைக்கும் பட்டறை ஒன்றில் முப்பது வருஷம் இஸ்திரி போட்டவர் செலிக் பொமெரான்ட்ஸ். நீராவி பட்டுப் பட்டுக் கை முழங்கை வரை சிவந்திருக்கும். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். அதனால் எங்கள் தெருவில் அவருக்கு 'நெபிஷ்' என்று பெயர். இருந்தும் இல்லாதவன், சோப்ளாங்கி என்று அர்த்தம்.

கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யூதர்களான எங்கள் இத்திஷ் மொழியில் அது நெபெக். செக் நாட்டாரோடு அண்டை அயலாக வாழ்ந்த காலத்தில் எங்கள் முன்னோர் எடுத்துக்கொண்ட சொல். ஐயோ பாவம் என்று பொருள். யார் வீட்டில் என்ன துக்கம் என்றாலும் என் அம்மா அதைச் சொல்லித்தான் உச்சுக்கொட்டுவாள். இங்கே அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகள் சாற்றைத் துப்பிவிட்டுச் சக்கையை வைத்துக்கொண்டார்கள்.

அவர்களில் ஒருவன் மெத்தைக் கடை சீமூர். அன்று அவன் அம்மாவின் திதி. ஜெபக்கூடத்தில் பத்து ஆண்கள் சேர்ந்தால்தான் இறந்தவருக்கான ஜெபத்தைச் சொல்லலாம். பெண்கள் கணக்கில் இல்லை, நான் திரைக்குப் பின்னால் இருந்தேன். ஆளை எண்ணினால் கண் படும் என்று 'இல்லை' போட்டுத்தான் எண்ணுவோம்.

"ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல..." என்று விரல் நீட்டி வந்த சீமூர், செலிக்கைத் தாண்டிப் போனான். "இந்த நெபிஷை எண்ணி என்ன ஆகப்போகுது?"

எல்லோரும் சிரித்தார்கள். என்ன ஜென்மங்கள்! தினமும் பத்தாவது ஆளாக வந்து நின்று இவர்களுடைய அப்பன் ஆத்தாளைக் கரையேற்றுகிறவர் அவர்தான்.

செலிக் தன் ஜெபச் சால்வையை மடித்து வைத்துவிட்டு வெளியே போனார். உள்ளே ஒன்பது பேர். வேலைக்கு நேரமாகிறது என்று அவர்களும் முணுமுணுக்க, சீமூர் தெருவுக்கு ஓடினான். நானும் போனேன்.

"மாமா, சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன். வருஷத்துல ஒரே ஒரு நாளு. எங்கம்மாவுக்காக வாங்க மாமா."

"இப்ப மட்டும் மாமாவாடா?" என்றேன் நான்.

செலிக் நடையை நிறுத்தினார். "எம் பொண்டாட்டி செத்தப்ப, துக்கம் காத்த ஏழு நாளும் சூப்பு கொண்டாந்தது உங்கம்மாடா. நான் சாப்பிடல. கரண்டிய எங் கையில திணிச்சு 'நெபெக், நெபெக்'னு அழுதாங்க. அந்த வார்த்தைய எடுத்தா எம்மேல துப்புற?"

செலிக் திரும்பிப் போய் சால்வையைப் போர்த்திக்கொண்டார்.

ஜெபத்தின் பாதியில் சீமூருக்கு நாக்கு குழறியது. நானாயிருந்தால் திண்டாடட்டும் என்று விட்டிருப்பேன். செலிக்கோ அவன் பக்கத்தில் போய் நின்று, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துக் கொடுத்தார்.